சைலீஷியாவில் சண்டை, சேத்தூரில் வரி

ராஜபாளையத்துக்குத் தெற்கே இருக்கிறது செட்டியார்பட்டி. பக்கத்திலேயே தளவாய்புரம், கொல்லங்கொண்டான், சேத்தூர். தென்காசி ரோட்டில் இன்னும் தெற்கே போனால் சிவகிரி, அப்புறம் வாசுதேவநல்லூர். அங்கிருந்து கிழக்கே திரும்பினால் புலித்தேவரின் நெற்கட்டும்செவல். வடக்கே போனால் ஸ்ரீவில்லிபுத்தூர். இந்த ஊர்களையெல்லாம் ஒரே நாளில் டவுன் பஸ்ஸிலேயே சுற்றி வந்துவிடலாம்.

இந்தச் சின்ன வட்டாரத்துக்குள் 1755-லிருந்து 1801 வரை வெள்ளைக்கார அதிகாரிகள் பீரங்கிகளோடு வந்துகொண்டே இருந்தார்கள். ஏன் வந்தார்கள் என்று கேட்டால் பள்ளிக்கூடப் பாடப்புத்தகம் ஒரே வரியில் 'கப்பம் வசூலிக்க' என்று முடித்துவிடும். அது உண்மைதான். ஆனால் பாதி உண்மை. நூல் பிடித்துக்கொண்டே போனால் அது மதுரை, ஆற்காடு, சென்னை, புதுச்சேரி எல்லாவற்றையும் தாண்டி ஐரோப்பாவில் சைலீஷியா என்ற இடத்தில் போய் நிற்கிறது. இன்று அதன் பெரும்பகுதி போலந்து நாட்டில் இருக்கிறது. சேத்தூர்க்காரர் யாரும் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். சைலீஷியாக்காரரும் சேத்தூரைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார் என்பது வேறு விஷயம்.

1740 டிசம்பரில் பிரஷ்யாவின் இளம் அரசர் பிரெடரிக், ஆஸ்திரியாவுக்குச் சொந்தமான அந்தச் சைலீஷியாவுக்குள் படையோடு நுழைந்தார். பிரான்ஸ் பிரஷ்யாவின் பக்கம் சேர்ந்தது, இங்கிலாந்து ஆஸ்திரியாவின் பக்கம் சேர்ந்தது. 1744-ல் இங்கிலாந்தும் பிரான்ஸும் முறைப்படியே போர் அறிவித்துக்கொண்டன. அப்போது சோழமண்டலக் கரையில் இரண்டு நாட்டுக் கம்பெனிகளும் அருகருகே கடை போட்டிருந்தன. சென்னையில் ஆங்கிலேயர், புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர். இரண்டு பேரும் வாங்கியது ஒரே சரக்கு, நம் நெசவாளிகள் நெய்த துணி.

புதுச்சேரி கவர்னர் துய்ப்ளேவுக்குச் சண்டையில் விருப்பமில்லை. 'அங்கே அவர்கள் அடித்துக்கொள்ளட்டும், இங்கே நாம் வியாபாரத்தைப் பார்ப்போம்' என்ற கருத்தில் சென்னைக்கு எழுதிப் பார்த்தார். சென்னைக் கவுன்சில் தன் கம்பெனிக்கு வாக்குக் கொடுக்கலாம், இங்கிலாந்து அரசரின் கப்பற்படைக்கு வாக்குக் கொடுக்க முடியாதே! அந்தக் கப்பற்படை வந்து பிரெஞ்சு வணிகக் கப்பல்களைப் பிடித்தது. பிடிபட்ட சரக்கில் துய்ப்ளேவின் சொந்தப் பணமும் இருந்தது. முதலீடு போனவனின் கோபம் எப்படி இருக்கும் என்று சொல்லவே வேண்டாம். 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர்கள் சென்னையைப் பிடித்தார்கள்.

ஆற்காட்டு நவாப் அன்வாருதீன் இதைத் தட்டிக்கேட்க மூத்த மகன் மாபூஸ்கானைப் பெரிய படையோடு அனுப்பினார். அடையாற்றுக் கரையில், இன்றைக்கு எத்தனையோ பேர் தினமும் பஸ்ஸில் கடக்கிற அதே ஆற்றின் கரையில், ஆயிரத்துக்கும் குறைவான பிரெஞ்சுப் படை பல மடங்கு பெரிய அந்தப் படையைச் சிதறடித்தது. அந்த ஆயிரத்திலும் ஐரோப்பியர் இருநூற்றுச் சொச்சம் பேர்தான். மற்றவர்கள் ஐரோப்பிய முறையில் வரிசையாக நின்று சுடப் பழக்கப்பட்ட உள்ளூர்ச் சிப்பாய்கள்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். அதுவரைக்கும் கம்பெனிக்காரர்கள் நவாபிடம் கைகட்டி நின்று சலுகை கேட்டு வியாபாரம் செய்தவர்கள். ஒரே நாள் பிற்பகலில் அவர்களுக்கு ஒரு விஷயம் புரிந்துபோனது. நவாபின் படை வெறும் கூட்டம்தான், நல்ல பயிற்சியும் மாதம் தவறாத சம்பளமும் கொடுத்தால் இந்த ஊர் ஆட்களை வைத்தே இந்த ஊரைப் பிடித்துவிடலாம். இதைக் கண்டுபிடித்தவர்கள் பிரெஞ்சுக்காரர்கள். கற்றுக்கொண்டு லாபம் பார்த்தவர்கள் ஆங்கிலேயர்கள். காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. சந்தையில் புதுச்சரக்கை முதலில் இறக்கியவனே கடைசியில் ஜெயிப்பான் என்று எந்தச் சட்டமும் இல்லை.

1748-ல் ஐரோப்பாவில் சமாதானம். பிரான்ஸ் சென்னையைத் திருப்பிக் கொடுத்தது. பதிலுக்கு இங்கிலாந்து வட அமெரிக்காவில் பிடித்திருந்த லூயிபூர்க் கோட்டையைத் திருப்பிக் கொடுத்தது. சென்னைக்காரர்களையும் கேட்கவில்லை, லூயிபூர்க்காரர்களையும் கேட்கவில்லை. எங்கோ ஒரு மேஜையில் நடந்த பண்டமாற்று.

அதற்குப் பிறகு நடந்த நவாப் பதவிச் சண்டை எல்லோருக்கும் தெரிந்த கதை என்பதால் வேகமாகக் கடந்துவிடலாம். 1749 ஆகஸ்டில் ஆம்பூரில் அன்வாருதீன் கொல்லப்பட்டார். பிரெஞ்சுக்காரர்கள் சந்தா சாகிபைத் தூக்கிப் பிடித்தார்கள், ஆங்கிலேயர்கள் அன்வாருதீனின் இளைய மகன் முகம்மது அலியைத் தூக்கிப் பிடித்தார்கள். 1751-ல் கிளைவ் ஆற்காட்டைப் பிடித்தார். 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்டார். 1754-ல் துய்ப்ளேவைப் பாரிஸ் திரும்ப அழைத்துக்கொண்டது. முகம்மது அலி நவாப் ஆனார்.

ஆனால் எதற்கு நவாப் ஆனார்? யுத்தச் செலவு முழுவதையும் கம்பெனி அவர் பேரில் கணக்கெழுதி வைத்திருந்தது. கடனை அடைக்க வேண்டுமென்றால் வரி வர வேண்டும். நேற்றுவரை சண்டை நடந்த ஆற்காட்டுச் சீமையில் என்ன வரி வரும்? யுத்தம் அதிகம் தொடாத இடம் தெற்கே மதுரையும் திருநெல்வேலியும்தான். அங்கே சந்தா சாகிப் பக்கத்து பட்டாணிய அதிகாரிகள் மூன்று பேர் மிச்சமிருந்தார்கள். அவர்களுக்கும் அப்பால் பாளையக்காரர்கள் இருந்தார்கள். நாயக்கர் ஆட்சி போனபிறகு யாருக்கும் ஒழுங்காகக் கப்பம் கட்டிப் பழக்கமில்லாதவர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து மறவர் பாளையங்கள் நெற்கட்டும்செவல் புலித்தேவரின் பேச்சைக் கேட்டன. கொல்லங்கொண்டானும் சேத்தூரும் அந்த வரிசையில் வருபவை.

1755-ல் கர்னல் ஹெரான் சுமார் 500 ஐரோப்பியரோடும் 2,000 சிப்பாய்களோடும் தெற்கே இறங்கினார். கூடவே நவாபின் அண்ணன் மாபூஸ்கான், அடையாற்றில் தோற்ற அதே மாபூஸ்கான்! போகிற வழியில் மதுரைப் பக்கம் கோயில்குடிக் கோயிலின் சிலைகளை ஹெரானின் படை மூட்டை கட்டியது. நெற்கட்டும்செவல் கோட்டைக்கு முன்னால் போய் நின்றது, கோட்டையை உடைக்கத் தகுந்த பீரங்கி இல்லாததால் வெறுங்கையோடு திரும்பியது. திரும்பும்போது நத்தம் கணவாயில் கள்ளர்கள் மறித்து அடித்துச் சிலைகளை மீட்டார்கள். மதுரை, திருநெல்வேலி இரண்டையும் ஆண்டுக்கு 15 லட்சம் ரூபாய்க்கு மாபூஸ்கானிடம் குத்தகைக்கு விட்டுவிட்டு ஹெரான் சென்னைக்குப் போனார். அங்கே ராணுவ நீதிமன்றம் விசாரித்து அவரை வேலையை விட்டே நீக்கியது.

குத்தகைத் தொகையைப் பாருங்கள், 15 லட்சம். அதை வசூலிக்க வேண்டியவருக்குப் படையும் இல்லை, பணமும் இல்லை. விளைவு, கொஞ்ச காலத்தில் மாபூஸ்கானே தம்பிக்கு எதிராகத் திரும்பி, யாரை அடக்க வந்தாரோ அந்தப் புலித்தேவரோடு சேர்ந்துகொண்டார்!

இப்போதுதான் நம் கதையின் முக்கிய ஆள் வருகிறார். யூசுப்கான். ராமநாதபுரம் சீமை பனையூரில் பிறந்தவர் என்றும், இயற்பெயர் மருதநாயகம் என்றும் சொல்வார்கள். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து கம்பெனிச் சிப்பாய்கள் எல்லோருக்கும் தளபதியாக உயர்ந்தவர். பிரெஞ்சுக்காரனும் ஆங்கிலேயனும் போட்டி போட்டு உருவாக்கிய அந்தப் புதிய சிப்பாய்ப் படையின் மிகச் சிறந்த விளைச்சல் அவர்தான். 1756-ல் அவரைத் தெற்கே அனுப்பினார்கள். அடுத்த சில ஆண்டுகளில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோட்டை மாறி மாறிக் கைமாறியது. ஆண்டாள் கோயில் கோபுரம் தெரிகிற தூரத்தில் நவாப் படை ஒரு நாள், புலித்தேவர் பக்கத்தார் ஒரு நாள், யூசுப்கான் ஒரு நாள் என்று நின்றார்கள்.

இந்தச் சண்டைகளை வரிசையாகப் படிக்கும்போது ஒரு விசித்திரம் தெரியும். பாளையக்காரர்களின் அதிர்ஷ்டம் அவர்கள் கையில் இல்லை. யூசுப்கான் மேலே போகிறார், திடீரென்று எல்லாவற்றையும் விட்டுவிட்டு வடக்கே ஓடுகிறார், பாளையங்கள் இழந்ததைத் திரும்பப் பிடிக்கின்றன, மறுபடி யூசுப்கான் வருகிறார். ஏன் இப்படி?

காரணம் வட அமெரிக்காவில் இருக்கிறது. 1754 மே மாதம் ஒஹையோ ஆற்றுப் பக்கத்துக் காட்டில் வர்ஜீனியாவைச் சேர்ந்த 22 வயது ஆங்கிலேயப் படை அதிகாரி ஒருவர் ஒரு சிறிய பிரெஞ்சுக் குழுவைத் தாக்கினார். அவர் பெயர் ஜார்ஜ் வாஷிங்டன். (ஆமாம், அவரேதான்.) அந்தச் சிறு மோதல் வளர்ந்து 1756-ல் ஏழாண்டுப் போராக வெடித்தது. 1758-ல் லாலி என்ற பிரெஞ்சுத் தளபதி புதுச்சேரியில் வந்து இறங்கினார், டிசம்பரில் சென்னையை முற்றுகையிட்டார். அதற்காகத்தான் அந்த ஆண்டே யூசுப்கானைத் தெற்கிலிருந்து அவசரமாக அழைத்துக்கொண்டார்கள். அவர் செங்கல்பட்டுப் பக்கம் நின்று லாலிக்குப் பின்னாலிருந்து தொல்லை கொடுத்தார். அந்த மாதங்களில் வாசுதேவநல்லூரிலும் நெற்கட்டும்செவலிலும் மூச்சுவிட இடம் கிடைத்தது. 1759 பிப்ரவரியில் லாலி முற்றுகையைக் கைவிட்டார். யூசுப்கான் திரும்பி வந்தார். அந்த ஆண்டு டிசம்பரில் வாசுதேவநல்லூர்க் கோட்டையிடம் தோற்றுத் திரும்பினாலும் அவர் விடவில்லை. 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. அதே ஆண்டு மே மாதம் வாசுதேவநல்லூரும் நெற்கட்டும்செவலும் விழுந்தன. இரண்டுக்கும் இடையே நான்கே மாதம்.

இதற்கிடையில் 1760-ல் டச்சுக்காரர்கள் இலங்கையிலிருந்து வந்து தூத்துக்குடிப் பக்கம் இறங்கிப் பார்த்தார்கள். அவர்களையும் யூசுப்கானே விரட்டினார்.

1759-லிருந்து மதுரையும் திருநெல்வேலியும் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் குத்தகைக்கு யூசுப்கானிடம் இருந்தன. 15 லட்சத்துக்கு ஏலம் எடுத்தவர் ஒன்றும் கட்டவில்லை, 5 லட்சத்துக்கு எடுத்தவர் கட்டினார். கோயில்களுக்கு மானியம் திரும்பக் கிடைத்தது, நெசவுக்கு ஊக்கம் கிடைத்தது, கண்மாய்கள் கவனிக்கப்பட்டன. பாளையக்காரர்களிடம் அவர் காட்டியது இரும்புக் கை என்பதையும் மறக்கக்கூடாது. நெற்கட்டும்செவலில் போய் அவரைப் புகழ்ந்து பேசினால் வேறு மாதிரி பதில் கிடைக்கும்!

நன்றாக நடந்த நிர்வாகமே அவருக்கு எமன் ஆனது. லாபம் வருகிற இடம் என்று தெரிந்ததும் நவாப் முகம்மது அலி, 'இது என் நாடு, குத்தகைப் பணம் என் கைக்கு வர வேண்டும், யூசுப்கான் என் வேலைக்காரன்' என்றார். யூசுப்கான் 7 லட்சம் வரை தருவதாகச் சொல்லிப் பார்த்தார். கம்பெனி நவாப் பக்கமே நின்றது. நவாப் தங்கள் கடனாளி அல்லவா, கடனாளி பிழைத்தால்தானே கடன் திரும்பும்? 1763 தொடக்கத்தில் யூசுப்கான் வெளிப்படையாகவே எதிர்த்து நின்றார். மதுரைக் கோட்டையில் பிரெஞ்சுக் கொடி ஏறியது. மர்ஷான் என்ற பிரெஞ்சு அதிகாரி ஒரு சிறு படையோடு துணைக்கு வந்தார்.

அவருடைய கணக்கு புத்திசாலித்தனமான கணக்குதான். இருபது வருஷமாக இந்த நாட்டில் யாரெல்லாம் பிழைத்தார்கள்? ஒரு வெள்ளைக்காரனிடம் அடி விழுந்தால் இன்னொரு வெள்ளைக்காரனிடம் போனவர்கள். யூசுப்கான் அந்த விளையாட்டுக்குள்ளேயே வளர்ந்தவர்.

ஆனால் விளையாட்டு முடிந்திருந்தது. 1763 பிப்ரவரி 10-ஆம் தேதி பாரிஸில் இங்கிலாந்தும் பிரான்ஸும் சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டன. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி வர வேண்டிய காலம், சேதி வந்துசேரப் பல மாதம் ஆகும். அந்த ஒப்பந்தத்தின் 11-ஆம் ஷரத்தில் ஒரு விஷயம் இருந்தது. கர்நாடகத்தின் சட்டப்படியான நவாப் முகம்மது அலிதான் என்று இரண்டு நாடுகளும் ஒப்புக்கொள்கின்றன! யாரை எதிர்த்து யூசுப்கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினாரோ, அவரையே பிரான்ஸ் நவாபாக ஏற்றுக்கொண்டுவிட்டது. அதே ஷரத்து தக்காணத்தின் சுபேதாராகச் சலாபத் ஜங்கையும் அங்கீகரித்தது. அந்த மனிதரோ முன்பே பதவி பறிபோய்த் தம்பியின் சிறையில் இருந்தார். பாரிஸில் கையெழுத்துப் போட்டவர்களுக்கு இந்த நாட்டைப் பற்றி எவ்வளவு தெரியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டுமா?

இனிப் பிரான்ஸிலிருந்து பட்டாளம் வரப்போவதில்லை. ஆனாலும் மதுரை லேசில் விழவில்லை. 1763 முற்றுகை தோற்றது. 1764 ஜூனில் மேஜர் சார்லஸ் கேம்ப்பெல் நடத்திய நேரடித் தாக்குதலும் தோற்றது. பிறகு பட்டினி போட்டார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு நம்பிக்கை போனது. 1764 அக்டோபர் 13-ல் யூசுப்கானைப் பிடித்துக் கட்டியவர்களில் ஒருவர் அவருடைய திவான் சீனிவாசராவ், இன்னொருவர் அதே மர்ஷான். அக்டோபர் 15-ல் தூக்கு. உடலைத் துண்டுகளாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பினார்கள் என்று சொல்லப்படுகிறது. மதுரை சம்மட்டிபுரத்தில் அவர் பெயரில் தர்கா இருக்கிறது. 'கான்சாகிபு சண்டை' என்று நாட்டுப்புறக் கதைப்பாடலும் உண்டு.

யூசுப்கான் போனதும் பாளையங்கள் மறுபடி தலைதூக்கின. 1767-ல் இன்னொரு கேம்ப்பெல், கர்னல் டொனால்டு கேம்ப்பெல், வந்தார். கொல்லங்கொண்டான், சேத்தூர், வாசுதேவநல்லூர் என்று மலையடிவாரம் முழுக்கப் பீரங்கிச் சத்தம். வாசுதேவநல்லூர் மண்கோட்டையில் குண்டு துளைத்த ஓட்டைகளை உள்ளே இருந்தவர்கள் உடனுக்குடன் அடைத்துக்கொண்டே இருந்த துணிச்சலை அந்தக் கர்னலே வியந்து எழுதியிருக்கிறார். புலித்தேவர் அதன்பின் என்ன ஆனார் என்பதற்குச் சங்கரன்கோவில் கோயிலுக்குள் மறைந்துபோனார் என்று மக்கள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள்.

சரி, ஜெயித்தவர்கள் கதை என்ன ஆனது? இங்கேதான் காமர்ஸ் மாணவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டும்.

இங்கிலாந்தின் தேசியக் கடன் ஏழாண்டுப் போருக்கு முன்னால் சுமார் ஏழரைக் கோடி பவுன். முடிந்தபோது 13 கோடியைத் தொட்டது. வட்டி கட்ட வேண்டுமே! 1765-ல் அமெரிக்கக் குடியேற்றங்கள் மீது முத்திரைத்தாள் வரி போட்டார்கள். 1773-ல் தேயிலைச் சட்டம் கொண்டுவந்தார்கள். அது கொண்டுவந்ததே பண நெருக்கடியில் தள்ளாடிய கிழக்கிந்தியக் கம்பெனியின் தேங்கிக் கிடந்த தேயிலையை விற்றுக் கொடுக்கத்தான். அந்த டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் கடலில் கொட்டப்பட்டது நம்மை ஆண்ட அதே கம்பெனியின் சரக்கு. பிரான்ஸிடமிருந்து கனடாவைப் பிடித்த சந்தோஷம் அடங்குவதற்குள் இங்கிலாந்து சொந்தக் குடியேற்றங்களை இழந்தது. பழிவாங்கும் ஆசையில் 1778-ல் அமெரிக்கர்களுக்கு உதவப் போன பிரான்ஸ், அந்தச் செலவில் கஜானா காலியாகி 1789-ல் அரசரையே இழக்கும் வழிக்கு வந்தது. புதுச்சேரியை இழந்த லாலியைத் துரோகி என்று 1766-ல் பாரிஸில் தலையை வெட்டினார்கள். அடுத்த முப்பது வருஷத்துக்குள் அதே பாரிஸில் எத்தனை தலைகள்...

இந்த அமெரிக்கச் சண்டை மறுபடியும் சிவகிரிக்கு வந்தது என்றால் நம்புவீர்களா? அமெரிக்கக் கிளர்ச்சிக்காரர்களோடு டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்ததால் 1780 இறுதியில் இங்கிலாந்து ஹாலந்தின் மீது போர் அறிவித்தது. உடனே இங்கே டச்சு ஊர்களான நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. டச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? 1783 ஆகஸ்டில் கர்னல் புல்லர்ட்டன் பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தபோது உள்ளே 40,000 வராகன் பணமும், டச்சுக்காரர்களின் துப்பாக்கிகளும், கொழும்பு டச்சு அரசுக்கும் கட்டபொம்மு நாயக்கருக்கும் இடையே எழுதப்பட்ட அசல் ஒப்பந்தமும் கிடைத்தன. (இது வீரபாண்டிய கட்டபொம்மனின் தந்தை காலம்.) அங்கிருந்து நேரே சிவகிரி. மலைக்காட்டுக்குள் பாளையக்காரர்கள் திரண்டு நின்று சண்டை போட்டார்கள். பாஸ்டனில் தேயிலையைக் கொட்டியவர்கள் சிவகிரி மலையடிவாரத்தில் துப்பாக்கி வெடிக்கும் என்று நினைத்திருப்பார்களா?

ஆனால் எல்லாவற்றிலும் வினோதமானது நவாபின் கடன்தான். கம்பெனிக்குக் கட்ட வேண்டிய பணத்துக்காக முகம்மது அலி யாரிடம் கடன் வாங்கினார் தெரியுமா? கம்பெனியின் ஊழியர்களிடம்! அவர்கள் தனிப்பட்ட முறையில் கடுவட்டிக்குக் கொடுத்தார்கள். ஈடாக ஒவ்வொரு சீமையின் நிலவரியையும் எழுதி வாங்கிக்கொண்டார்கள். அதாவது கம்பெனிக்கு வர வேண்டிய அதே வருமானத்தின் மீது கம்பெனியின் குமாஸ்தாவுக்கும் பாத்தியதை. முதலாளிக்குப் பணம் வந்தால் இவருக்கு வராது, இவருக்கு வந்தால் முதலாளிக்கு வராது. தணிக்கை வகுப்பில் இப்படி ஒரு கணக்கு வந்தால் வாத்தியாரே தலையில் கைவைத்துக்கொள்வார்.

இதில் பெரிய கை பால் பென்பீல்டு என்பவர். தஞ்சாவூர் வருமானம் தனக்கு ஈடாக எழுதப்பட்டது என்று அவர் உரிமை கொண்டாடினார். தஞ்சையை மராட்டிய அரசருக்கே திருப்பித் தர வந்த சென்னை கவர்னர் பிகட், இந்தக் கடன்காரர்களோடு மோதினார். விளைவு, 1776 ஆகஸ்டில் கவர்னரையே அவருடைய கவுன்சில் உறுப்பினர்கள் கைது செய்தார்கள்! 1777 மே மாதம் பிகட் காவலிலேயே இறந்துபோனார். வட்டிக்காசு சேர்ந்த கடன்காரர்கள் சிலர் லண்டனுக்குப் போய்ப் பார்லிமென்ட் உறுப்பினர்களும் ஆனார்கள். 1785 பிப்ரவரியில் எட்மண்ட் பர்க் ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றியே பார்லிமென்டில் ஒரு நீண்ட உரை நிகழ்த்தினார்.

இந்தக் கடனின் கடைசிக் கண்ணி எங்கே? நவாப் பாளையக்காரரை நெருக்குவார், பாளையக்காரர் குடியானவனை நெருக்குவார். மழை பொய்த்தாலும் வட்டி பொய்க்காது. சேத்தூரிலோ செட்டியார்பட்டியிலோ கமலை இறைத்த ஒரு விவசாயி, தான் கொடுத்த கிஸ்தியில் ஒரு பங்கு லண்டனில் ஒருவரின் எம்.பி. தேர்தல் செலவுக்குப் போகிறது என்று எப்படி அறிவார்?

1792-ல் பாளையங்களின் கப்பத்தை நேரடியாக வசூலிக்கும் உரிமையே கம்பெனிக்கு வந்தது. அடுத்து வந்ததும் ஐரோப்பாவிலிருந்துதான். 1798-ல் நெப்போலியன் எகிப்தில் இறங்கினார். அங்கிருந்து இந்தியாவுக்கு வருவாரோ, திப்பு சுல்தானோடு சேருவாரோ என்ற பயத்தைக் காட்டி கவர்னர் ஜெனரல் வெல்லெஸ்லி மைசூர் மீது படையெடுத்தார். 1799 மே 4-ல் திப்பு வீழ்ந்தார். மைசூரில் வேலை முடிந்ததும் தெற்கே பார்க்க நேரம் கிடைத்தது. செப்டம்பரில் பானர்மேன் பாஞ்சாலங்குறிச்சியில் நின்றார், அக்டோபர் 16-ல் கயத்தாற்றில் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார். இரண்டு வருஷத்தில் ஊமைத்துரை, மருது சகோதரர்கள் எல்லோரின் கதையும் முடிந்தது. நெப்போலியன் இந்தியப் பக்கமே வரவில்லை.

நவாப் குடும்பம்? ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் கிடைத்த காகிதங்களை வைத்து, முகம்மது அலியும் அவர் மகனும் திப்புவோடு ரகசியமாகக் கடிதம் எழுதிக்கொண்டார்கள் என்று வெல்லெஸ்லி குற்றம் சாட்டினார். 1801 ஜூலை 31-ல் கர்நாடகம் முழுவதும் கம்பெனிக்கு எழுதி வாங்கப்பட்டது. எந்தக் குடும்பத்தை நவாப் ஆக்குவதற்காக ஆங்கிலேயர் ஐம்பது வருஷம் முன்னால் சண்டை போட ஆரம்பித்தார்களோ, அந்தக் குடும்பத்துக்குப் பட்டமும் பென்ஷனும் மட்டும் மிச்சம்.

சிப்பாய்ப் படைக்கும் ஒரு மறுபக்கம் உண்டு. பிரெஞ்சுக்காரனைச் சமாளிக்கப் பழக்கப்பட்ட அந்தப் படை, பிரெஞ்சுக்காரன் போன பிறகு 1806 ஜூலை 10-ல் வேலூர்க் கோட்டையில் தன் அதிகாரிகளையே சுட்டது.

1803-ல் மிச்சமிருந்த பாளையங்களுக்கு நிரந்தர நிலவரித் திட்டப்படி சனது கொடுத்தார்கள். கோட்டையை இடி, ஆயுதத்தைக் கொடு, வருஷத்துக்கு இவ்வளவு கட்டு, மீதியை வைத்துக்கொள் என்பது ஏற்பாடு. சேத்தூரும் சிவகிரியும் ஜமீன்கள் ஆயின. 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழியும்வரை அந்த ஏற்பாடு நீடித்தது. ஒழிந்த பிறகும் செட்டியார்பட்டிக்குப் பக்கத்து ஊருக்கு ஜமீன் கொல்லங்கொண்டான் என்றுதான் பெயர்.

நவாபின் கடன்காரர்களை மட்டும் 1801-க்குப் பிறகும் நிறுத்த முடியவில்லை. நாடே கம்பெனிக்குப் போய்விட்டது, நவாபுக்குக் கொடுத்த கடனைக் கம்பெனியே தீர்க்கட்டும் என்று வரிசையில் நின்றார்கள். 1805-ல் இதற்கென்றே ஒரு கமிஷன் உட்கார்ந்தது. வந்து குவிந்த கோரிக்கைகளின் மொத்தம் மூன்று கோடி பவுனைத் தாண்டியது. ஒவ்வொரு பத்திரமாகப் பார்த்துக்கொண்டு வந்ததில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. மற்றதெல்லாம் செல்லாது என்று தள்ளப்பட்டது.